பித்தநாள அடைப்புக்கு ஸ்டென்ட்: வீட்டார் கேட்கும் கேள்விகள்

"பித்தநாளத்தை அடைக்கும் கட்டியை ஆபரேஷன் செய்து எடுக்க முடியாது. ஸ்டென்ட் வைத்துவிடலாம்." ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் இப்படிச் சொன்ன பிறகு, வராந்தாவில் நின்றுகொண்டு வீட்டார் கேட்கும் கேள்விகள் இவை. எண்டாஸ்கோபி பிரிவில் வேலை செய்வதால் என்னிடம் பலரும் கேட்டவை. நோயாளி எதிரில் கேட்கத் தயங்கி, கதவைச் சாத்திய பிறகு கேட்டவையும் உண்டு.

அப்பாவுக்கு வந்தது மஞ்சள் காமாலைதானே? புற்றுநோய் எங்கிருந்து வந்தது?

மஞ்சள் காமாலை என்பது ஓர் அடையாளம். அதற்குப் பின்னால் எந்த நோயும் இருக்கலாம். நம் கல்லீரல் தினமும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாகச் சிறுகுடலுக்கு வந்து சேர வேண்டும். அந்தக் குழாயின் அகலம் சாதாரணமாக ஆறு மில்லிமீட்டர் அளவுதான். குடலைத் தொடுவதற்குச் சற்று முன்பு அது கணையத்தின் தலைப்பகுதியைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் கட்டி வளர்ந்தால் குழாய் நசுங்கிவிடும். குழாயிலேயே வரும் புற்று, பித்தப்பைப் புற்று, வேறு எங்கிருந்தோ பரவி நெறிகட்டிய நிணநீர்க் கணுக்கள் ஆகியவையும் இதே அடைப்பை உண்டாக்கும்.

வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் காய்ச்சல், குமட்டலோடு தொடங்கி, சில வாரங்களில் தானாக வடியும். கட்டியால் வரும் காமாலை பல சமயம் வலியே இல்லாமல் வந்து, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும், மலம் களிமண் போல வெளுத்திருக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், எடை குறையும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இப்படி வந்தால் முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

நாங்கள் ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் கைமீறிப் போனதா?

இதைக் கேட்காத குடும்பம் குறைவு. கேட்கும்போதே கண் கலங்கிவிடும். கீழாநெல்லிக்கு நம் ஊரில் இருக்கும் பேரில் பெரும்பங்கு, தானாகவே சரியாகிவிடும் வைரஸ் காமாலைகளால் வந்தது. குழாய் அடைபட்டிருக்கும்போது எந்த இலையும் அதைத் திறக்காது. அந்த வகையில் அந்த ஒரு மாதம் வீண்தான்.

ஆனால் கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போதே அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் நூறில் பதினைந்து, இருபது பேர்தான். உள்ளே ஆழமாக இருக்கும் உறுப்பு, வெளியே காட்டிக்கொள்ளாது. அதனால் ஒரு மாதம் முன்பே வந்திருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். இப்போது செய்ய வேண்டியது, பச்சிலையையும் உப்பில்லாப் பத்தியத்தையும் நிறுத்துவது.

ஸ்டென்ட் என்றால் இதயத்தில் வைப்பார்களே, அதுவா?

பெயர் ஒன்று, இடம் வேறு. அடைத்த பாதையைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் சிறு குழாய்தான் ஸ்டென்ட். இதய ஸ்டென்டுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கட்டாயம் வேண்டும். பித்தநாள ஸ்டென்டுக்கு அது தேவையில்லை. அதே சமயம், ஏற்கெனவே இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ அப்படி மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் விடவும் கூடாது.

கட்டியை எடுக்காமல் குழாயை மட்டும் திறந்து என்ன பயன்?

நியாயமான கேள்வி. ஸ்டென்ட் புற்றுநோயைத் தொடுவதே இல்லை. கட்டி அப்படியேதான் இருக்கும். திறப்பது பித்தநீரின் பாதையை மட்டும்.

ஆனால் அந்தப் பாதை அடைத்துக் கிடப்பவர் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இரவெல்லாம் சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகி இருக்கும். சோற்றைக் கண்டாலே குமட்டும். தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்தால் அது ரத்தத்தில் ஏறி இரண்டே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். பித்தநீர் குடலுக்கு வராததால் வைட்டமின் 'கே' உடம்பில் சேராது, ரத்தம் உறைவது குறையும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இவற்றைத்தான் ஸ்டென்ட் தணிக்கிறது. ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் "நேற்று ராத்திரி தூங்கினேன்" என்று நோயாளி சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கீமோதெரபி மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் கையாள வேண்டும். காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபினின் அளவு ஏறிக் கிடக்கும்போது அவற்றை முழு அளவில் கொடுக்க முடியாது. கீமோ கொடுப்பதாக முடிவானால் ஸ்டென்ட்தான் முதல் படி.

எப்படி வைப்பார்கள்? வயிற்றைக் கிழிப்பார்களா?

இல்லை. கேமரா பொருத்திய வளையும் குழாயான எண்டாஸ்கோப்பை வாய் வழியாக விட்டு, இரைப்பையைத் தாண்டி, பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாய்க்குப் போவார்கள். அங்கிருந்து மெல்லிய கம்பியை மேல்நோக்கிச் செலுத்தி, சாயம் ஏற்றி, எக்ஸ்ரேயில் அடைப்பு எங்கே என்று பார்த்து, கம்பியின் மேலேயே ஸ்டென்டைத் தள்ளி நிறுத்துவார்கள். இதன் பெயர் இ.ஆர்.சி.பி. பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மயக்கத்தில் இருப்பதால் நோயாளிக்குத் தெரியாது. முன்பாக ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். ரத்தம் உறையும் திறன் குறைந்திருந்தால் வைட்டமின் 'கே' ஊசி போட்டுச் சரிசெய்த பிறகுதான் தொடங்குவார்கள்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் இந்தோனேசியாவில் பிறந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வேலை பார்த்த நிப் சுஹேந்திரா. 1979இல் அவர் எழுதியபோதே நோக்கம் இதுதான்: குணப்படுத்த முடியாதவரின் பித்தநீரை வயிற்றைத் திறக்காமல் வடியவிடுவது. அதற்கு முன்பெல்லாம் இந்த நிலையில் இருப்பவருக்கும் பெரும்பாலும் குடலை வெட்டி இணைக்கும் பெரிய ஆபரேஷன்தான் வழி.

பிளாஸ்டிக் ஸ்டென்டா, உலோக ஸ்டென்டா? எதைக் கேட்டு வாங்குவது?

பணமும் நோயும் மோதிக்கொள்ளும் இடம் இது.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்பது ஒரு சிறு குழாய். வழக்கமாக வைக்கும் அளவின் குறுக்களவு மூன்று மில்லிமீட்டர் சொச்சம். எண்டாஸ்கோப்பின் துவாரம் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் அதைவிட அதிகம் பெரிதாக்க முடியாது. பித்தநீரின் படிவும் கிருமிகளும் சேர்ந்து சேறு போல உள்ளே அப்பிக்கொண்டு, ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைத்துவிடும். அதற்குள் மாற்ற வேண்டும்.

உலோக ஸ்டென்ட் வலைபோலப் பின்னியது. ஒடுங்கிய நிலையில் உள்ளே போய், விட்டதும் தானே விரிந்து எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வரை வரும். முழுதாக விரிய ஓரிரு நாள் ஆகலாம். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் திறந்திருக்கும். விலை பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு. பிளாஸ்டிக் சில ஆயிரம் என்றால் இது பல பத்தாயிரம்.

என் கருத்தைக் கேட்டால், நோய் என்னவென்று திசுப் பரிசோதனையில் உறுதியாகி, அறுவை சிகிச்சை இல்லை என்றும் முடிவாகி, நோயாளி நடமாட்டத்தோடு இருந்தால், உலோகத்துக்கே போங்கள். பிளாஸ்டிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவு, நடுவில் அடைத்து வரும் காய்ச்சலுக்குப் படுக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் வித்தியாசம் பெரிதாக நிற்காது. ஒவ்வொரு தடவையும் வண்டி பிடித்து, டோக்கன் போட்டு, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் அலைச்சலுக்கோ கணக்கே இல்லை. நோயாளி மிகவும் தளர்ந்து, வாரங்களை எண்ணும் நிலையில் இருந்தால் பிளாஸ்டிக் போதும். நோய் இன்னும் உறுதியாகவில்லை என்றாலும் முதலில் பிளாஸ்டிக் வைத்துப் பார்க்கலாம்.

உலோகத்திலும் உறை போட்டது, போடாதது என்று இரண்டு உண்டு. உறை இல்லாததில் வலைக்கண் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து அடைக்கலாம், அதை வெளியே எடுக்கவும் முடியாது. உறை போட்டதை எடுக்கலாம், ஆனால் அது நழுவிப் போக வாய்ப்பு அதிகம். எது பொருந்தும் என்பது அடைப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இதை டாக்டரிடமே விட்டுவிடலாம்.

ஒன்றுக்கு இரண்டு ஸ்டென்ட் என்கிறார்கள். பணம் பிடுங்கவா?

அடைப்பு கல்லீரலின் வாசலில், இடது கிளையும் வலது கிளையும் சேரும் இடத்தில் இருந்தால் ஒரு ஸ்டென்ட் ஒரு பக்கத்தை மட்டுமே திறக்கும். கல்லீரலின் பாதிக்கு மேலாவது வடிந்தால்தான் காமாலை ஒழுங்காக இறங்கும் என்பது கணக்கு. அதனால் இரண்டு தேவைப்படலாம். சந்தேகம் இருந்தால் பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் கிளைகள் மரம் போலத் தெரியும், உங்களுக்கே புரியும்.

விலாவில் துளை போட்டுப் பை தொங்கவிடப் போவதாகச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அது பி.டி.பி.டி. வாய் வழியாகப் போக முடியாதபோதும், அடைப்பு மிக மேலே இருக்கும்போதும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசியை விட்டு, பித்தநீரை வெளியே ஒரு பைக்கு வடியவிடுவார்கள். பலருக்கு இது தற்காலிகம்தான். சில நாள் கழித்து அதே பாதையில் ஸ்டென்ட் வைத்துப் பையை எடுத்துவிடலாம். இப்போது பெரிய மையங்களில் எண்டாஸ்கோபி அல்ட்ராசவுண்ட் வழியாகக் குடலிலிருந்தே பித்தநாளத்துக்கு நேராக வழி போடவும் செய்கிறார்கள். அதில் பை கிடையாது.

பையோடு வீட்டுக்கு அனுப்பினால் சிலவற்றைக் கவனியுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். தினமும் எவ்வளவு வடிந்தது, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அளவு திடீரென்று நின்றாலும், ரத்தமாக வந்தாலும், குழாயைச் சுற்றிக் கசிந்தாலும் உடனே சொல்லுங்கள். ஒரு லிட்டர் வெளியே போனால் உப்பும் நீரும் சேர்ந்து போகும், அதற்கு ஈடாகக் குடிக்க வேண்டும். குழாயைக் கழுவச் சொல்லியிருந்தால் எவ்வளவு, எப்படி என்று நர்ஸிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். தூங்கும்போது குழாய் மாட்டி இழுபடுவதுதான் பெரிய தொல்லை. பனியனுக்கு மேல் துணியால் தளர்வாகக் கட்டி வைப்பது நல்லது.

இதில் ஆபத்தே இல்லையா?

உண்டு. கணையம் வீங்குவது முக்கியமானது, நூறில் மூன்று முதல் பத்துப் பேருக்கு வரலாம். பெரும்பாலும் சில நாளில் சரியாகும், சிலருக்குக் கடுமையாகிவிடும். அதைக் குறைக்க மலவாயில் ஒரு மாத்திரை வைப்பார்கள், ஆச்சரியப்பட வேண்டாம். ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை, பித்தநாளத்தில் கிருமித் தொற்று ஆகியவையும் வரலாம். கையெழுத்து வாங்கும்போது இவற்றைச் சொல்லாமல் "சைன் போடுங்க" என்று மட்டும் நீட்டினால், நிறுத்திக் கேளுங்கள்.

வைத்து ஒரு வாரமாகிறது, கண் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறதே?

முதலில் சிறுநீரைப் பாருங்கள். நிறம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். மலம் பழைய நிறத்துக்கு வரும். அரிப்பு சில நாளில் அடங்கும். கண்ணின் மஞ்சள்தான் கடைசியில் போகும். காரணம், பல வாரம் ஏறிக் கிடந்த பிலிருபினில் ஒரு பகுதி ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அல்புமின் கழிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை அதுவும் போகாது. ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். இறங்காமல் நின்றாலோ மறுபடி ஏறினாலோதான் ஸ்டென்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் அடித்தால்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது 'சளிக் காய்ச்சல்' இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் அடைத்து, தேங்கிய பித்தநீரில் சீழ் பிடித்திருக்கலாம். டோலோ போட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஓ.பி.க்கு வரலாம் என்று காத்திருந்து, ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு நடுங்கினால் வெள்ளிக்கிழமை இரவே கிளம்ப வேண்டும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், மறுபடி சிறுநீர் கறுப்பது, மறுபடி அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, பேச்சில் குழப்பம் ஆகிய எதுவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்லிவிட்டு அப்புறம் பயணம் செய்யலாம். அடைத்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். உலோகம் அடைத்தால் பெரும்பாலும் அதற்குள்ளேயே இன்னொன்று வைப்பார்கள்.

அடைக்காமல் இருக்க மாத்திரை உண்டா?

பித்தநீரை இளக்கக் கொடுக்கும் உர்சோ மாத்திரையும் தொடர் ஆன்டிபயாடிக்கும் முயன்று பார்க்கப்பட்டவை. ஸ்டென்ட் அடைப்பதை அவை தடுப்பதாகச் சோதனைகளில் தெளிவாகத் தெரியவில்லை.

என்ன சாப்பாடு கொடுப்பது? எண்ணெய், நெய், முட்டை, கறி எல்லாம் நிறுத்தியிருக்கிறோம்.

ஏன் நிறுத்தினீர்கள்? புற்றுநோய் ஏற்கெனவே உடம்பைக் கரைக்கிறது. அதோடு பத்தியமும் சேர்ந்தால் ஸ்டென்ட் திறந்து என்ன பயன்? பித்தநீர் குடலுக்கு வரத் தொடங்கிய பிறகு எண்ணெயும் கொழுப்பும் செரிக்கும். முட்டை, மீன், தயிர், பருப்பு, நெய் ஊற்றிய பொங்கல், அவருக்குப் பிடித்ததையே கொடுங்கள். மூன்று வேளை நிறையக் கொடுப்பதைவிடச் சிறிது சிறிதாக ஆறு தடவை.

கணையத்தில் கட்டி இருப்பவருக்குச் செரிமான நொதியும் குறையலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து நாறினால் அதற்கான கேப்ஸ்யூல் உண்டு, சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது அது. மதக் காரணத்தால் தயங்குகிற குடும்பங்களிடம் இதை முன்பே சொல்லிவிடுவேன். மருந்து என்பதால் ஏற்றுக்கொள்கிறவர்கள் உண்டு, தெரியாமல் கொடுத்ததற்கு வருந்துகிறவர்களும் உண்டு.

சாப்பிட்டதெல்லாம் சில மணி நேரம் கழித்து அப்படியே வாந்தியாக வந்தால் அது வேறு விஷயம். கட்டி சிறுகுடலையும் அடைத்திருக்கலாம். அதற்கும் ஸ்டென்ட் உண்டு.

ஸ்டென்டுக்குத் தேதி கிடைக்கும்வரை அரிப்புக்கு என்ன செய்வது?

மெடிக்கலில் கேட்டால் தரும் சிட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையால் இதில் பெரிய பலன் இருக்காது, தூக்கம் வேண்டுமானால் வரும். ரிஃபாம்பிசின், செர்ட்ராலின் போன்றவை சிலருக்கு உதவும், ஆனால் டாக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும். வீட்டில் நகத்தை வெட்டிவிடுங்கள், பருத்தி வேட்டி, லுங்கி போதும், வெந்நீர்க் குளியல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவலாம்.

ஸ்கேன் எடுக்கலாமா?

சி.டி. எடுக்கலாம். எம்.ஆர்.ஐ.யும் பொதுவாக எடுக்கலாம், ஸ்டென்ட் இருப்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லவில்லை. "கல் அடைத்திருக்கிறது" என்று சொல்லியிருக்கிறோம். நீங்களும் அப்படியே சொல்வீர்களா?

அன்பினால் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் கல் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் கேட்டால், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்பேன். "எதுவானாலும் பெரியவனிடம் சொல்லுங்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்களிடம் திணிப்பதில்லை.

பொய்யின் சிக்கல் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். "கல்லைத்தான் எடுத்துவிட்டார்களே, ஏன் இளைத்துக்கொண்டே போகிறேன்?" என்று அம்மா கேட்பார். அதற்கு அடுத்த பொய் தேவைப்படும். பெரும்பாலான அம்மாக்களுக்கு அதற்குள் தெரிந்துபோயிருக்கும். வீட்டார் அழுதுவிடுவார்களே என்று அவர் தெரியாதது போல இருப்பார், அவர் தாங்க மாட்டாரே என்று வீட்டார் தெரியாதது போல இருப்பார்கள். இடையில் நகையை யாருக்குக் கொடுப்பது, ஊருக்கு ஒருமுறை போய் வர வேண்டும் என்பது போன்ற பேச வேண்டிய பேச்செல்லாம் தங்கிவிடும்.

எவ்வளவு நாள் இருப்பார்?

தேதி சொல்ல யாராலும் முடியாது. அறுவை சிகிச்சைக்கு அப்பாற்பட்ட கணையப் புற்றில் பொதுவாக மாதக் கணக்கில்தான் பேசுகிறோம். பரவிய நோயில், உடம்பு தாங்குகிறவருக்கு வீரியமான கீமோ கொடுத்தால் நடுவான கணக்கு ஒரு வருடத்தை ஒட்டி வருகிறது. அதைவிடக் கூடவும் குறையவும் இருப்பவர்கள் உண்டு. ஸ்டென்ட் அந்த நாட்களைக் கொஞ்சம் நீட்டலாம், முக்கியமாக அவற்றை அரிப்பும் காய்ச்சலும் இல்லாத நாட்களாக ஆக்கலாம்.

வேண்டாம் என்று விட்டுவிட்டால் தப்பா?

தப்பில்லை. படுக்கையோடு படுக்கையாகி, நினைவு தப்பும் நிலைக்கு வந்துவிட்டவருக்கு, கடைசி நாட்களில் இதைச் செய்யாமல் இருப்பதே மேல் என்று நானே சொல்லியிருக்கிறேன். கீமோவும் இல்லை, அரிப்பும் இல்லை, கிருமித் தொற்றும் இல்லை என்றால் பிலிருபின் அளவைக் குறைப்பதற்காக மட்டும் விலாவில் துளை போடத் தேவையில்லை.

அதற்காக ஒன்றும் செய்யாமல் விடுவது என்று அர்த்தமில்லை. வலிக்கு மார்ஃபின் உண்டு, வாந்திக்கு மருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

செலவுக்கு?

சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இரைப்பை குடல் துறை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த வகை ஸ்டென்டுக்கு எவ்வளவு அனுமதி என்று வார்டில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்பே கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு கேட்டால் கேட்டதாகவே ஆகாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஸ்டென்டின் வகை, நீளம், அகலம், வைத்த தேதி, பிளாஸ்டிக் என்றால் மாற்ற வேண்டிய தேதி. ஸ்டென்ட் வந்த பெட்டியில் ஒட்டும் சீட்டு ஒன்று இருக்கும், அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டி வையுங்கள். கடைசி பிலிருபின் அளவும், ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண்ணும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் காகிதத்தைப் போனில் படம் பிடித்து, வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். காய்ச்சல் அடிக்கும் இரவில் ஃபைல் எப்போதும் பூட்டிய பீரோவில்தான் இருக்கும், சாவி வைத்திருப்பவர் ஊரில் இருக்க மாட்டார்.